செக்கடிச் சந்தின் சம்மதம்

நான் யாரிடமும் குரலை உயர்த்திப் பேசியதில்லை. சந்தேகமிருந்தால் எங்கள் வீட்டு நாயைக் கேட்டுப் பாருங்கள். புதுச் செருப்பைக் கடித்துக் குதறிப் போட்டாலும், "ஏண்டா ராஜா, பசிக்குதா?" என்றுதான் கேட்பேன். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த காலத்திலும் பிரம்பைத் தொட்டதில்லை. பிரம்பெடுத்த டீச்சர்களின் வகுப்பு மீன் மார்க்கெட் மாதிரி இரையும். என் வகுப்பில் விசிறி சுற்றுகிற சத்தம் கேட்கும். சின்னவர்களோ பெரியவர்களோ, பொறுமையாகப் பேசிக்கொண்டே இருந்தால் கடைசியில் நாம் காட்டுகிற இடத்தில் வந்து உட்காருவார்கள்.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது, ஐயா. உங்கள் மேசையில் இருக்கிற புகாரில் "மிரட்டி" என்று ஒரு சொல் இருக்கிறது. அதற்காகத்தான் நானே ஆட்டோ பிடித்து வந்தேன். மற்றதையும் சொல்கிறேன். நீங்கள் கேள்வி கேட்டு அலுத்துக்கொள்ள வேண்டாம். டீயில் மட்டும் சர்க்கரை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

என் பெயர் பெனிட்டா. தருமபுரத்தில் வீடு. வேலையை விட்ட பிறகு நல்லிடம் அறக்கட்டளைக்குச் செயலாளராக வந்தேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "டீச்சருக்கு இந்தத் தெருதான் புருசன்" என்று செக்கடிச் சந்துப் பெண்கள் கேலி செய்வார்கள். நானும் சிரித்துக்கொள்வேன்.

அந்தச் சந்தை அரசாங்கம் காலி செய்ய நினைத்தது உங்களுக்குத் தெரியும். இடிந்த சுவர், ஒழுகுகிற ஓடு, நடுவில் சாக்கடை. எல்லோரையும் நெரவிக்கு அந்தப் பக்கம் வயலுக்கு நடுவே கொண்டுபோய் வைப்பதாகத் திட்டம். கூடை தூக்கி மீன் விற்கிறவளும் மூட்டை தூக்குகிறவனும் அங்கே உட்கார்ந்து நாற்றையா எண்ணுவார்கள்? நாங்கள் போய்ப் பேசினோம். படி படியாக ஏறிப் பேசினோம். அதே மண்ணில், அதே சந்தில், நாலு மாடி கட்டி அவர்களுக்கே கொடுப்பது என்று முடிவானது. பணம் தர வெளிநாட்டில் ஒரு அறநிறுவனம் முன்வந்தது. அவர்களுக்கு ஒரே ஒரு நிபந்தனை. சந்தில் இருக்கிற ஒவ்வொரு குடும்பமும் தானாக மனம் ஒப்பிச் சம்மதிக்க வேண்டும். ஒரு குடும்பம் மறுத்தாலும் திட்டம் வேறு ஊருக்குப் போய்விடும். ஒரு குடும்பத்தைக் கட்டாயப்படுத்தினாலும் அப்படித்தான்.

அவர்களுக்கு அது நிபந்தனை. எனக்கு அது வேதம். அதிகாரிகள்கூட நாளாக ஆக எங்களைத்தான் கேட்க ஆரம்பித்தார்கள். எந்தச் சந்து எப்போது, எந்த வீடு முதலில் என்று எதைக் கேட்டாலும், "டீச்சர் சொன்னா சரிதான்" என்பார்கள். ஓட்டு வாங்காமல் ஊரை மாற்றுகிற பொறுப்பு எங்களுக்குக் கிடைத்தது. அந்தப் பொறுப்பு லேசானதில்லை, ஐயா.

ஆடுகிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடுகிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும். ஆடியும் பார்த்தேன், பாடியும் பார்த்தேன். கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டுவார்கள். வீட்டுக்குப் போனதும், "யோசிச்சுச் சொல்றோம் டீச்சர்" என்பார்கள். வருடக்கணக்கில் யோசித்தார்கள்.

பிறகு ஒரு ஐப்பசி மழையில் பூமிநாதன் வீட்டுச் சுவர் விழுந்தது. காலை நேரம். அவன் மனைவி கவியா அடுப்பில் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். ஊறிப்போன மண் சுவர் சத்தமே இல்லாமல் அவள் மேல் சாய்ந்துவிட்டது. கையால் தோண்டினோம். முதலில் வெளியே வந்தது தோசைத் திருப்பி. அதைப் பிடித்திருந்த விரல்கள் விடவில்லை. முகத்தைத் துடைத்தது நான்தான். மூக்கிலும் வாயிலும் சேறு அடைத்திருந்தது. பூமிநாதன் தலையைச் சுவரில் முட்டிக்கொண்டே இருந்தான். மிச்சமிருந்த சுவரும் விழுந்துவிடப் போகிறது என்று இழுத்துப் பிடித்தார்கள்.

நான் அழுதேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அழுதுகொண்டே ஒன்றைக் கவனித்தேன். கவியாவின் காரியம் முடிவதற்குள் சந்தில் பாதிப் பேர் என் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்கள். "எங்க டீச்சர் கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டார்கள். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பேசி முடியாததை ஒரு ஈரச் சுவர் ஒரே காலையில் பேசி முடித்துவிட்டது.

அடுத்தது நஸ்ருதீன். தையல்காரர், நல்ல மனிதர், என் ரவிக்கையெல்லாம் அவர் தைத்ததுதான். அவர் சம்மதிக்கவில்லை. கடையும் வீடும் ஒன்றாக இருப்பது போய்விடும் என்று பயம். எங்கள் எஞ்சினியர் வந்து பார்த்துவிட்டு, "உத்திரம் பூராவும் செல்லரிச்சுப் போச்சுங்க டீச்சர், இன்னைக்கே அவங்கள வெளிய வரச் சொல்லிடுங்க" என்றார். சொல்லலாம் என்றுதான் இருந்தேன். அடுத்த வாரம் கூட்டம் இருந்தது. கூட்டத்தில் சொன்னால் எல்லோருக்கும் பயன்படும் என்று நினைத்தேன். கூட்டத்துக்கு முன்பே உத்திரம் இறங்கிவிட்டது. தையல் மெஷினுக்கும் உத்திரத்துக்கும் நடுவில் அவருடைய வலது கால் மாட்டிக்கொண்டது. எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே நின்றது. அவர் அல்லாவைக் கூப்பிட்டார், அம்மாவைக் கூப்பிட்டார், கடைசியில் என்னைக் கூப்பிட்டார். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது. இப்போது அவருக்கு மோட்டார் வைத்த மெஷின் வாங்கிக் கொடுத்திருக்கிறோம். மிதிக்கவே வேண்டாம்.

அவரும் சம்மதித்தார். அவரைப் பார்த்து மிச்சப் பேரும் சம்மதித்தார்கள். செல்லம்மாவைத் தவிர.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை கேட்டிருப்பீர்கள். அந்தத் தாழிதான் செல்லம்மா. சந்தின் முனையில், திருவிழாச் சாமி வருகிற பெரிய தெருவைப் பார்த்தபடி அவளுடைய மெத்தை வீடு. கீழே மாவு மில். மேலே ஓடு போட்ட ஒரு அறையும், தெருவுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கிற பிரெஞ்சுக்காரன் காலத்துப் பால்கனியும். புருசன் இல்லை, பிள்ளையும் தங்கவில்லை. தம்பி மகன் செம்பியன் மனைவியோடு பின்கட்டில் இருந்தான். கீழவாஞ்சூர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். புகார் கொடுத்திருப்பது அவன்தான்.

செல்லம்மா தலைமுடியிலும் புருவத்திலும் எப்போதும் மாவு இருக்கும். வாய் மட்டும் மில்லைவிடச் சத்தம். என்னைத் தூரத்தில் பார்த்ததுமே ஆரம்பித்துவிடுவாள்.

"என்னா டீச்சரு, இன்னைக்கும் வந்துட்டீங்களா? காரைக்காலுக்கு ரயிலு வராத நாளு உண்டு, நீங்க வராத நாளு இல்ல."

"உங்க நல்லதுக்குத்தான் செல்லம்மா."

"அடுக்குமாடி நல்லாத்தான் இருக்கும், நான் இல்லங்கல. ஆனா மாங்கனி அன்னைக்குச் சாமி வரும்போது நான் எங்கேருந்து இறைப்பேன்? கக்கூசு சன்னல்லேருந்தா?"

ஆனி மாத மாங்கனித் திருவிழா அன்று பிச்சாண்டவர் சப்பரம் வரும்போது வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழம் இறைப்பது உங்களுக்குத் தெரியாததில்லை. பிள்ளையில்லாத பெண்கள் கீழே முந்தானையை ஏந்தி நிற்பார்கள். விழுந்த பழத்தைச் சாப்பிட்டால் பிள்ளை பிறக்கும் என்று நம்பிக்கை. வேண்டுதல் பலித்தவர்கள் கூடை கூடையாகப் பழம் கொண்டுவந்து இறைப்பார்கள். செல்லம்மா வீட்டுக்கு மொட்டை மாடி கிடையாது. அந்தப் பால்கனி ஒன்றுதான். அன்று யார் வந்து கேட்டாலும் மாடியைத் திறந்துவிடுவாள். சாதி, ஊர், தெரு எதையும் கேட்க மாட்டாள்.

"இஞ்ச புடிச்ச பழத்தச் சாப்ட்டுப் பொறந்த புள்ளைங்க ஊரெல்லாம் ஓடுது டீச்சரு. ஒண்ணுகூட என் வயித்துல பொறக்கல. ஆனா எல்லாம் என்னோடதுதான். பால்கனி வச்சுக் கட்டுங்க, இப்பவே கைநாட்டு வைக்கிறேன்."

அவள் கேட்டது அவ்வளவுதான். தெருப் பக்கம் ஒரு பால்கனி. வரைபடம் தயாராகிவிட்டது, தெருவுக்கு மேல் எதையும் நீட்டக் கூடாது என்று விதியும் இருக்கிறது. ஒருத்திக்காக ஒன்றை மாற்றினால் எல்லோரும் ஒவ்வொன்றைக் கேட்பார்கள். அதை அவளுக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அவளும் பொறுமையாகக் கேட்டுவிட்டு மில்லைப் போட்டுவிடுவாள். அந்தச் சத்தத்தில் என் பேச்சு எனக்கே கேட்காது. எனக்குக் கோபம் வரவில்லை, ஐயா. நெஞ்சு எரியும், அவ்வளவுதான்.

வெளிநாட்டிலிருந்து கடைசிக் கெடு வந்துவிட்டது. ஆடி பிறப்பதற்குள் முழுச் சம்மதம் காட்ட வேண்டும், இல்லையென்றால் திட்டத்தை எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். அப்படி ஆகியிருந்தால் சந்தே நெரவிக்கு அந்தப் பக்கம் போயிருக்கும். நஸ்ருதீன் ஒற்றைக் காலோடு போயிருப்பார். கவியா சும்மா செத்ததாக ஆகியிருக்கும். இதையெல்லாம் யோசிக்க வேண்டிய இடத்தில் நான் ஒருத்திதான் இருந்தேன்.

இனிமேல் சொல்வதைக் கொஞ்சம் நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தப் பால்கனி விழக் காத்திருந்தது. நஸ்ருதீன் விபத்துக்குப் பிறகு எங்கள் அறக்கட்டளைதான் கொத்தனார் மருதையனை வைத்து அதற்குக் கீழே சவுக்குக் கழிகளை முட்டுக் கொடுத்திருந்தது. இலவசமாகத்தான். கழிகள் தெருவில் நீட்டிக்கொண்டிருந்ததால் போன வருடம் சப்பரம் ஒதுங்கிப் போகச் சிரமப்பட்டது. இந்த வருடம் திருவிழா அன்று காலை மட்டும் கழிகளை எடுத்துவிடும்படி கோயில்காரர்கள் சொன்னார்கள். சரியென்றேன்.

மருதையன் விவரமானவர். "கழிய உருவிட்டா மேல ஒரு காக்கா உக்காரக்கூடாதுங்க டீச்சர். மாடிக் கதவுல சங்கிலி போட்டுப் பூட்டிடவா?" என்றார். "நீங்க கழிய எடுத்துட்டுப் போங்க. செல்லம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றேன். அவர் என்னை நம்பினார். அந்த மனிதர் செய்த தப்பு அது ஒன்றுதான்.

செல்லம்மாவிடம் போனேன். அதற்குச் சில நாள் முன்னால் மாடி அறையின் உள்சுவரைப் பூசிக் கொடுத்திருந்தோம், வெறும் பூச்சுத்தான். "அந்தப் பூச்சுக்குள்ள இரும்பு வச்சுக் கட்டியாச்சு செல்லம்மா. இனிமே கழி வேண்டாம். இந்த வருசம் நிம்மதியா இறைங்க" என்றேன்.

அவள் மாவுக் கையோடு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "நீங்க சொன்னா சாமி சொன்ன மாதிரி டீச்சரு. நான்தான் ஒங்கள ரொம்ப அலைய வுட்டுட்டேன். திருவிழா முடியட்டும், ஒக்காந்து பேசுவோம்" என்றாள்.

பேசுவோம் என்றுதான் சொன்னாள். சம்மதம் என்று சொல்லவில்லை. அவளுடைய "பேசுவோம்" எனக்குப் பழகிப்போயிருந்தது. நான் தலையசைத்துவிட்டு, "ஒரே நேரத்துல நாலஞ்சு பேருக்கு மேல ஏத்தாதீங்க" என்றேன். பாருங்கள், சேதத்தைக் குறைக்கவும் நான் யோசித்திருக்கிறேன்.

ஒரு ஆணியைக்கூட நான் பிடுங்கவில்லை. ஒரு செங்கல்லையும் அசைக்கவில்லை. அந்தச் சந்தில் யாரும் அதிகாரியை நம்ப மாட்டார்கள், கட்சிக்காரனை நம்ப மாட்டார்கள், கூடப் பிறந்தவனையும் நம்ப மாட்டார்கள். என்னை நம்பினார்கள். அந்த நம்பிக்கையை வாங்க எனக்குப் பல வருடம் ஆனது. அதைத்தான் பயன்படுத்தினேன்.

மதிவதனியைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. என்னிடம் படித்த பெண். நெரவியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து எங்கள் அறக்கட்டளையில் களப்பணி பார்த்தாள். நல்ல கெட்டிக்காரி. நான் சாப்பிட்டேனா என்று கேட்க இந்த உலகத்தில் அவள் ஒருத்திதான் இருந்தாள். கல்யாணமாகி வெகு காலம் பிள்ளையில்லாமல் இருந்து, ஒரு மாங்கனி அன்று செல்லம்மாவின் பால்கனிக்குக் கீழே முந்தானை ஏந்தி நின்றாள். பழம் விழுந்தது. அடுத்த வருடம் நிலா பிறந்தாள். என் ஆபீஸ் மேசைக்கு அடியில்தான் அந்தக் குழந்தை தவழப் பழகியது. என் கண்ணாடியை எங்கே வைத்தாலும் எடுத்து வாயில் வைத்துக்கொள்ளும்.

திருவிழாவுக்கு லீவு கேட்டாள். வேண்டுதலை முடிக்க வேண்டும், கோயிலுக்குப் போகிறேன் என்றாள். கோயில் என்றால் கோயில்தான் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டேன். பழம் எந்த மாடியிலிருந்து விழுந்ததோ அதே மாடியில் ஏறித்தான் கடனைத் தீர்க்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். நான் வேதக்காரி. திருவிழாவை வேடிக்கை பார்த்திருக்கிறேனே தவிர, அந்த நுணுக்கமெல்லாம் எனக்குத் தெரியாது. அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அன்று நான் எதிர்ச்சாரியில், பூட்டியிருந்த பாத்திரக்கடைப் படியில் நின்றேன். நல்ல வெயில். கூட்டம் நெரிந்தது. மாம்பழ வாசனையும் வேர்வை வாசனையும் மூக்கை அடைத்தன. சப்பரம் சந்து முனையை நெருங்கும்போது செல்லம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பால்கனிக்கு வந்தாள். தலையில் மாவு இல்லாமல் அவளை அன்றுதான் பார்த்தேன். அவளுக்குப் பின்னால் கூடையோடு மதிவதனி வந்தாள். இடுப்பில் நிலா.

மதிவதனி என்னைப் பார்த்துவிட்டாள். குழந்தையின் கையைப் பிடித்து எனக்கு ஆட்டிக் காட்டினாள். பிறகு இரண்டு கையையும் குவித்து, "ஏந்துங்க டீச்சர்" என்று சைகை செய்தாள். ஐம்பது வயதில் எனக்கெதற்கு அந்தப் பழம்? இருந்தாலும் முந்தானையை விரித்தேன். அவள் எறிந்த பழம் நேராக வந்து விழுந்தது. பக்கத்தில் நின்ற பெண்கள் கைதட்டிச் சிரித்தார்கள்.

அப்போது நான் கத்தியிருக்கலாம். நீங்கள் இதைத்தான் கேட்கப் போகிறீர்கள். மேளச் சத்தத்தில் கேட்டிருக்காது என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்கள், ஆனால் அது பொய். கேட்கவில்லை என்றாலும் கை காட்டியிருந்தால் போதும். நான் "இறங்கு" என்று கை காட்டினால் அந்தப் பெண் காரணம் கேட்காமல் இறங்கியிருப்பாள். அவள் பால்கனி ஓரத்தைத் தட்டிக் காட்டி, கெட்டியாகத்தானே இருக்கிறது என்பது போல் முகத்தை ஆட்டிக் கேட்கவும் செய்தாள். அவளுக்கும் இரும்பு விஷயத்தைச் செல்லம்மா சொல்லியிருப்பாள்.

கை காட்டினால் எனக்கு முன்பே தெரியும் என்று ஆகிவிடும். அத்தனை வருட உழைப்பும், அத்தனை குடும்பங்களும் போய்விடும். ஒருத்திக்காக ஒன்றை மாற்றக் கூடாது என்று நான்தானே எல்லோருக்கும் சொல்லியிருந்தேன். நான் சிரித்துக்கொண்டு தலையசைத்தேன்.

முதலில் தூசி கொட்டியது. பிறகு பால்கனி சுவரோடு பெயர்ந்து, முன்பக்கம் மடிந்து இறங்கியது. மேலே நின்றவர்கள் முதலில் வந்தார்கள், அவர்கள் மேல் காரையும் கருங்கல்லும் வந்தன. சாமி தாண்டியதும் கீழே நிற்கிற கூட்டம் சப்பரத்தோடு நகர்ந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். நகரவில்லை. அண்ணாந்து பார்த்து முந்தானையை ஏந்தியபடியே நின்றார்கள். திருவாரூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்ணின் தலை இருந்த இடத்தில் தலை இல்லை. முந்தானை மட்டும் இரண்டு கையிலும் விரிந்தபடி இருந்தது. இன்னொருத்தியின் தோளிலிருந்து கை தனியே தொங்கியது. அவள் அதைத் தூக்கி ஒட்ட வைக்கப் பார்த்தாள். ரத்தத்தில் மாம்பழம் உருண்டு ஓட, பின்னால் இருந்தவர்கள் விஷயம் தெரியாமல் அதைப் பொறுக்கினார்கள்.

செல்லம்மாவின் மார்பில் இரும்புக் கிராதி ஏறியிருந்தது. உடனே உயிர் போகவில்லை. மடியில் தலையை வைத்துக்கொண்டேன். "டீச்சரு, இரும்பு வச்சீங்கன்னு..." என்றாள். பேச்சு அதற்கு மேல் வரவில்லை, நுரைதான் வந்தது. கேள்வியாகக் கேட்டாளா, சந்தேகமாகச் சொன்னாளா என்று எனக்கு இன்னும் தெரியாது. பட்டுப்புடவை நனைந்து என் மடியில் ஒட்டிக்கொண்டது. மதிவதனி முகம் குப்புறக் கிடந்தாள். முதுகெலும்பு நடுவில் மடிந்து, குதிகால் தோளைத் தொட்டுக்கொண்டிருந்தது.

குழந்தையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. கேட்காமலிருப்பதற்கு நன்றி.

கூட்டம் மருதையனைப் பிடித்துவிட்டது. கழியை உருவியவன் அவன்தானே. விளக்குக் கம்பத்தில் கட்டி வைத்து, அவர் உருவிய அதே சவுக்குக் கழியால் அடித்தார்கள். "டீச்சரக் கேளுங்கய்யா, டீச்சரக் கேளுங்க" என்று கத்திக்கொண்டே இருந்தார். பல் உடைந்த பிறகு அதுவும் தெளிவாக இல்லை. கொத்துக் கரண்டி பிடிக்கிற கையைக் கல்லில் வைத்துத் தட்டினார்கள். நான் போய், "போதும், விடுங்கப்பா, சட்டம் பாத்துக்கும்" என்றேன். உடனே விட்டுவிட்டார்கள். என் பேச்சுக்கு அவ்வளவு மரியாதை. கொஞ்சம் முன்னால் போயிருந்தால் கை பிழைத்திருக்கும்.

அவர் ஜெயிலில் கிடக்கிற இத்தனை மாதமும் நான் இங்கே வரவில்லை. அவர் வீட்டுக்கு அரிசியும் எண்ணெயும் தவறாமல் அனுப்பினேன். இன்றைக்கு வந்தது அவருக்காக இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் அவரை விட்டுவிடுங்கள்.

செல்லம்மாவின் காரியம் முடிந்ததும், வீட்டுக்கு வாரிசான செம்பியனைப் பார்க்கப் போனேன். முன்பக்கம் இல்லாத அந்த வீட்டின் பின்கட்டில்தான் இருந்தான். அவன் மனைவி அப்போது மாசமாக இருந்தாள். நான் என்ன பேசினேன் என்று அப்படியே சொல்கிறேன். "தம்பி, நடந்தது நடந்துபோச்சு. பின்பக்கப் படியும் அவ்வளவு நல்லா இல்ல. ஒம் பொஞ்சாதி மாசமா ஏறி இறங்குது. இந்தச் சந்துல எந்த வீடு எப்ப விழும்னு எனக்குத்தான் தெரியும். ஒனக்கு நல்லது கெட்டது சொல்ல வேற யாரு இருக்கா?" அவ்வளவுதான் பேசினேன். குரலை உயர்த்தவில்லை. போகும்போது அந்தப் பெண்ணின் தலையைத் தடவிக்கூடக் கொடுத்தேன். மறுநாளே வந்து கையெழுத்துப் போட்டான். பேனாவை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டான். துக்கம் என்று நினைத்தேன்.

இப்போது வக்கீல் வைத்து, மிரட்டிக் கையெழுத்து வாங்கினார்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். இதில் மிரட்டல் எங்கே இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள். அந்த ஒரு சொல் நின்றுவிட்டால் அவன் சம்மதம் செல்லாது. அவனுடையது செல்லாவிட்டால் எல்லோருடையதும் செல்லாது. அஸ்திவாரம் போட்டாகிவிட்டது, ஐயா. இரண்டாவது மாடிக்குக் கம்பி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். தெருப் பக்கம் பெரிய பால்கனி ஒன்று வருகிறது. விபத்துக்குப் பிறகு சந்துக்காரர்கள் பிடிவாதமாகக் கேட்டார்கள். அதிகாரிகளிடம் பேசி விதியைத் தளர்த்தி வாங்கினேன். வரைபடத்தை மாற்ற ஒரு மத்தியானம்தான் ஆனது. அதற்கு மதிவதனியின் பெயரை வைக்கலாம் என்று நான்தான் சொன்னேன்.

பாவசங்கீர்த்தனத்துக்குப் போகவில்லை. அங்கே போனால் மனம் வருந்துகிறாயா என்று சாமியார் கேட்பார். எனக்குப் பொய் சொல்ல வராது. வருத்தம் இருக்கிறது. அந்தப் பழத்தைக் கொஞ்ச நாள் சாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்தேன். அழுக ஆரம்பித்ததும் வீணாக்க வேண்டாமென்று நல்ல பக்கத்தை நறுக்கிச் சாப்பிட்டேன். இனிப்பாகத்தான் இருந்தது. அன்று ராத்திரி முழுக்க, கண்ணாடியைக் கழற்றி வைக்கும்போதெல்லாம் யாரோ எடுத்துக்கொள்ளப் போகிறார்கள் என்று கையில் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள். செல்லம்மாவைக் கொன்றது நான். மதிவதனியையும் நிலாவையும் கொன்றது நான். திருவாரூர்ப் பெண்ணையும்தான், அவள் பெயர் எனக்குத் தெரியவில்லை, விசாரித்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். நஸ்ருதீனின் காலையும் மருதையனின் கையையும் சேர்ப்பதென்றால் சேருங்கள். எந்தப் பிரிவு வேண்டுமானாலும் போடுங்கள், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அந்த "மிரட்டி" என்ற சொல்லை மட்டும் தயவுசெய்து அடித்துவிடுங்கள். எங்கள் அறக்கட்டளை இன்றுவரை ஒரு குடும்பத்தைக்கூட வலுக்கட்டாயமாக வெளியேற்றியதில்லை.